நமக்கு ஓகே... நீமோவுக்கு?

ரூம்ல நாலு பேர். மூலையில ஒரு 20 லிட்டர் கேன். நாலு பேரும் அதைத்தான் குடிக்கிறீங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. அப்போ அதே தண்ணியில மரைன் சால்ட்டைக் கரைச்சு, ஆசையா வாங்கின க்ளௌன் ஃபிஷ் தொட்டியில ஊத்தினா மட்டும் என்ன குடி முழுகிடப் போகுது?

கேள்வி ரொம்ப நியாயமானதுதான் பாஸ். 2003-ல ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வந்ததுல இருந்து ஆரஞ்சு கலர்ல வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீன் மேல நம்ம பசங்களுக்கு ஒரு தனி கிரேஸ். கொளத்தூர் கடைகளுக்கு ஒரு ரவுண்ட் போனாலே பர்ஸ் காலி. தொட்டி, மணல், பம்ப், லைட், உப்பு, ஹைட்ரோமீட்டர்னு ஒவ்வொண்ணையும் பத்து கடை ஏறி இறங்கி, பேரம் பேசி வாங்கறோம். ஆனா தொட்டியில பெரும்பகுதியை அடைச்சுக்கப் போற தண்ணியை மட்டும், ‘கேன் போடற அண்ணன் சுத்தமான தண்ணினுதான் சொன்னாரு’னு கண்ணை மூடிக்கிட்டு நம்பிடறோம்.

அண்ணன் பொய் சொல்லலை. அவர் சொன்ன சுத்தம், மனுஷன் குடிக்கிற சுத்தம். நமக்கு வேணும்கிறது வேற சுத்தம். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம், அதை நாமளே எப்படி அளந்து பார்க்கறதுனு இந்த வாரம் பார்த்துடலாம்.

35,000-க்கு நடுவுல 50 என்ன பண்ணும்?

முதல்ல ஒரு குறுக்குக் கேள்வி. கடல் தண்ணியில ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அதாவது 35,000 பி.பி.எம். கேன் தண்ணியில கரைஞ்சிருக்கிறது வெறும் 50 பி.பி.எம். யானை முதுகுல எறும்பு ஏறின மாதிரி. இதுக்குப் போய் ஏன் இவ்வளவு அலட்டல்?

ரெண்டு காரணம். ஒண்ணு, எவ்வளவு இருக்குங்கிறதை விட என்ன இருக்குங்கிறதுதான் முக்கியம். அந்த 50-ம் கால்சியம், மெக்னீசியமா இருந்தா பெரிய பிரச்னை இல்லை. கடல்ல அதெல்லாம் ஏற்கெனவே ஏராளமா இருக்கு. அதுக்குள்ள நைட்ரேட், பாஸ்பேட், தாமிரம் ஒளிஞ்சிருந்தா கதையே வேற.

ரெண்டாவது காரணம், ஆவியாதல். தொட்டியில இருந்து தண்ணி மட்டும்தான் ஆவியாகும். அதுல கரைஞ்சிருக்கிற எதுவும் மேல போகாது. சென்னை வெயில்ல, மேல மூடி இல்லாத 100 லிட்டர் தொட்டியில தினம் ரெண்டு லிட்டர் குறையுதுனு வெச்சுக்குங்க. அந்த ரெண்டு லிட்டருக்கும் உப்பில்லாத தண்ணியைத்தான் ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். நீங்க ஊத்தற தண்ணியில லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தா, ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் உள்ளே போகும். முப்பது நாள்ல 600 மில்லிகிராம். நூறு லிட்டருக்கு வகுத்தா 6 பி.பி.எம். மீன் போடற கழிவு இல்லாம, சாப்பாடு இல்லாம, சும்மா தண்ணி ஊத்தினதுக்கே இது. பாதித் தண்ணியை மாத்திடலாம்னு நினைச்சா, மாத்தற தண்ணியும் அதே கேன்ல இருந்துதான் வரும்.

‘எனக்கு இந்த வம்பே வேணாம், நேரா கடல்ல இருந்து தண்ணி எடுத்துக்கறேன்’னு சிலர் கிளம்புவாங்க. நகரத்தை ஒட்டின கரையில கூவமும் அடையாறும் கொண்டு வந்து சேர்க்கிறது என்னனு உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டி ரொம்பத் தூரம் போய் நல்ல தண்ணியாவே எடுத்து வந்தாலும், ஆவியாகிற ரெண்டு லிட்டருக்கு நல்ல தண்ணி தினமும் வேணுமே? சுத்திச் சுத்தி கேன்கிட்டதான் வந்து நிக்கணும்.

இதுல ஒரு வேடிக்கை. மீஞ்சூர் பக்கத்துல 2010-லயும், நெம்மேலியில 2013-லயும் கடல் தண்ணியைக் குடிநீராக்கற ஆலைகள் வந்துச்சு. தலா ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். நெம்மேலியில 15 கோடி லிட்டர் ஆலை இன்னொண்ணு 2024-ல திறந்தாங்க. அங்கே கோடிக்கணக்குல செலவு பண்ணி கடல்ல இருந்து உப்பை எடுக்கிறாங்க. இங்கே நாம கிலோ கணக்குல காசு கொடுத்து வாங்கி உப்பைத் திரும்பப் போடறோம்!

ஐ.எஸ்.ஐ. சொல்றது என்ன?

கேன்ல அடைச்ச குடிநீருக்கு ஐ.எஸ். 14543-னு ஒரு இந்தியத் தர நிர்ணயம் இருக்கு. அதுல நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். தாமிரம் 0.05 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சொல்லப்போனா தாமிரம் கொஞ்சம் நம்ம உடம்புக்கே வேணும்.

இப்போ இதைத் தொட்டியில வெச்சுப் பாருங்க. நைட்ரேட் 45-ல ஆரம்பிச்சா, மீன் உள்ளே போறதுக்கு முன்னாலயே பாசிக்கு விருந்து ரெடி. தாமிரம் இன்னும் மோசம். கடல் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தா தாமிரத்தைத்தான் மருந்தாப் போடுவாங்க. அதோட அளவு சுமார் 0.15-ல இருந்து 0.2 பி.பி.எம். மீன் தாங்கிக்கும். ஆனா இறால், நத்தை, கடல் தாமரை மாதிரி முதுகெலும்பில்லாத ஜீவன்களுக்கு அது விஷம். அதனாலதான் அந்த மருந்தை மெயின் தொட்டியில போடாம, மீனைத் தனித் தொட்டிக்கு மாத்திப் போடுவாங்க.

கணக்குப் போடுங்க. சட்டம் அனுமதிக்கிற 0.05 அளவு தாமிரம் உள்ள தண்ணியில 100 லிட்டர் தொட்டியை நிரப்பறீங்க. தினம் ரெண்டு லிட்டர் அதே தண்ணியை ஊத்தறீங்க. ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் கூடும். நூறு நாள்ல தொட்டியில 0.15 பி.பி.எம். கல்லும் மணலும் அதுல ஒரு பகுதியை இழுத்து வெச்சுக்கும், பின்னாடி ஒரு நாள் திருப்பியும் விடும். ஆக, நீங்க மருந்தே போடலை. தண்ணி மேல ஒரு சட்ட மீறலும் இல்லை. ஆனா க்ளீனர் ஷ்ரிம்ப் மட்டும் ஒரு நாள் காலையில மல்லாந்து கிடக்கும். நீங்க இறால் வித்த கடைக்காரரைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க.

இது மோசமான நிலைமைக்கான கணக்குதான். ஒழுங்கா வேலை செய்யற ஆர்.ஓ. மெம்பரேன் தாமிரத்தைப் பெரும்பாலும் தடுத்துடும். அப்போ நாம கண்டுபிடிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த மெம்பரேன் நிஜமாவே ஒழுங்கா வேலை செய்யுதா?

மீட்டர் எதைப் பார்க்குது?

இங்கேதான் டி.டி.எஸ். மீட்டர் வருது. பேனா சைஸ், சில நூறு ரூபாய். நாலு பேர் சேர்ந்து வாங்கினா ஒரு சினிமா செலவு கூட ஆகாது. தண்ணியில கரைஞ்ச பொருளை அது எண்ணுதுனு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. தண்ணி எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துதுனு மட்டும்தான் அது அளக்குது. அந்த எண்ணை ஒரு காரணியால பெருக்கி பி.பி.எம்.னு திரையில காட்டுது. அயனிகள் இருந்தா கடத்தும், இல்லைனா கடத்தாது. அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச பிசிக்ஸ்.

அதனால அந்த மீட்டருக்கு நைட்ரேட்டும் தெரியாது, கால்சியமும் தெரியாது. எல்லாம் ஒரே கும்பல். 0.05 பி.பி.எம். தாமிரத்தை அதால பார்க்கவே முடியாது, ஏன்னா அதோட கடைசி இலக்கமே 1. ஆனா மெம்பரேன் உடம்பு நல்லா இருக்கா இல்லையானு அது சொல்லிடும். கடைக்காரர்கிட்ட மெம்பரேனுக்கு முன்னால வர்ற தண்ணியையும் ஒரு டம்ளர் வாங்கி அளந்துட்டீங்கன்னா வேலை சுலபம். உள்ளே போற போர் தண்ணி 1,200, வெளியே வர்றது 40-னா 96 சதவீதத்துக்கு மேல தடுத்திருக்கு. மெம்பரேன் நல்லா இருக்கு. உள்ளே 1,200, வெளியே 120-னா 90 சதவீதம்தான். மெம்பரேனுக்கு வயசாயிடுச்சு, அல்லது எங்கேயோ ஒழுகுது.

கவனிச்சீங்களா? முதல் கேஸ்ல மெம்பரேன் சூப்பரா வேலை செஞ்சும் 40 மிச்சம் இருக்கு. உள்ளே வர்றது போர் தண்ணியா இருக்கிற வரைக்கும் வெறும் ஆர்.ஓ.வால பூஜ்யத்தைத் தொட முடியாது. போதாக்குறைக்கு, மெம்பரேன் கால்சியத்தைத் தடுக்கிற அளவுக்கு நைட்ரேட்டைத் தடுக்காது. மிச்சம் நிக்கிற 40-ல யார் யார் இருக்காங்கனு சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல். குடிக்கிற தண்ணி ரொம்ப ‘சப்’புனு இருக்கக் கூடாதுனு பல பிளான்ட்கள்ல மெம்பரேனுக்கு அப்புறம் தாது உப்புகளைக் கலப்பாங்க. வீட்டு ஆர்.ஓ. மெஷின்கள் பலதுல டி.டி.எஸ். கன்ட்ரோலர்னு ஒரு சின்னத் திருகு இருக்கும். அது ஆர்.ஓ. பண்ணாத தண்ணியைக் கொஞ்சம் கலந்து விடும். உங்க ஹாஸ்டல் மெஸ்ல இருக்கிற மெஷின் 70 காட்டினா, அது கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. அப்படித்தான் செட் பண்ணியிருக்காங்க. குடிக்கிறவங்களுக்கு அது சரி. தொட்டிக்குத்தான் சரிப்படாது.

அளக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு

வாங்கின கையோட கேன்ல முக்கிப் பார்க்காதீங்க. முதல்ல மீட்டரையே டெஸ்ட் பண்ணுங்க. கெமிஸ்ட்ரி படிக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். லேப்ல அனுமதி கேட்டு, 0.342 கிராம் சோடியம் குளோரைடை எடை போட்டு, ஒரு லிட்டர் ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்ல டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கரைக்கச் சொல்லுங்க. சோடியம் குளோரைடு கணக்குல அளக்கற மீட்டர் அதுல 342 காட்டணும். நாலஞ்சு எண் முன்னே பின்னே இருந்தா பரவாயில்லை. அதுக்கு மேல தப்பினா பின்னாடி இருக்கிற திருகைத் திருப்பி அல்லது பட்டனை அழுத்திச் சரி பண்ணணும். உங்க மீட்டர் வேற கரைசலைக் கேட்குதானு அதோட கூட வந்த சீட்டையும் பார்த்துடுங்க. அப்புறம் டிஸ்டில்டு வாட்டர்ல மட்டும் முக்குங்க. 0, 1, 2-னு வரணும். 15 வந்தா ஒண்ணு மீட்டர் தப்பு, இல்லை டம்ளர் அழுக்கு.

கேனை அளக்கும்போது கண்ணாடி டம்ளரை அதே கேன் தண்ணியால மூணு தடவை அலசுங்க. சோப்பு, விரல் வியர்வை எது ஒட்டியிருந்தாலும் எண் ஏறும். மீட்டர் முனையை உள்ளே விட்டு லேசாத் தட்டி, காத்துக் குமிழைப் போக்குங்க. அரை நிமிஷம் பொறுத்து எண்ணைப் பாருங்க. மூணு தடவை அளந்து மூணும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தண்ணியை அப்படியே அளக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வரட்டும்.

முக்கியமா, உப்பு போடறதுக்கு முன்னாடி அளங்க. போட்ட பிறகு மீட்டரை விட்டா அதோட எல்லையைத் தாண்டிடும், எண்ணே வராது. உப்புத் தண்ணிக்கு ஹைட்ரோமீட்டர் அல்லது ரிஃப்ராக்டோமீட்டர். அங்கே 1.025 பக்கம் வரணும். அது வேற பரீட்சை, இது வேற பரீட்சை.

சரி, என்ன எண் வந்தா பாஸ்?

0-ல இருந்து 5 வரைக்கும்: தாராளமா யூஸ் பண்ணலாம்.

5-ல இருந்து 20: வெறும் மீன் மட்டும் இருக்கிற தொட்டின்னா சமாளிக்கலாம். ஆனா அடுத்து சொல்லப் போற சொட்டு டெஸ்ட்களைப் பண்ணாம ஊத்தாதீங்க.

20-க்கு மேல: குடிங்க. தொட்டிக்கு வேணாம்.

பூஜ்யம் வந்தாலும் விசாரணை முடியலை

மீட்டர் 3 காட்டுது, ஜாலினு கேனைக் கவுத்துடாதீங்க. அது கண்ணுக்குத் தப்பிக்கிற ஆசாமிகள் சிலர் இருக்காங்க.

முதல் ஆள் குளோரின். கேனைக் கழுவ குளோரின் கரைசல் பயன்படுத்துவாங்க. ஒழுங்கா அலசலைன்னா அடியில தங்கும். அந்த அளவு குளோரின் டி.டி.எஸ்.ல ஒரு எண்ணைக் கூட அசைக்காது. ஆனா மீனோட செவுளைப் பொசுக்கவும், ஃபில்டர்ல நீங்க வாரக்கணக்கா வளர்த்த நல்ல பாக்டீரியாவைக் கொல்லவும் அது போதும். அக்வேரியம் கடையில சின்ன பாட்டில்ல குளோரின் டெஸ்ட் சொட்டு கிடைக்கும். தண்ணியில விட்டா மஞ்சளாகுதா, குளோரின் இருக்கு. ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் ஓட விட்டாலோ, மீன் கடையில விக்கிற ஆன்டி குளோரினைச் சொன்ன அளவுல போட்டாலோ போயிடும்.

அடுத்தவர் அம்மோனியா. கழிவுநீர் கலந்த போர் தண்ணியில இருக்க வாய்ப்பு உண்டு. அதோட வாயு வடிவம் மெம்பரேனை ஈஸியாத் தாண்டிடும். கடல் தொட்டி வெச்சிருக்கிற எல்லார்கிட்டயும் அம்மோனியா டெஸ்ட் கிட் இருக்கும். எல்லாரும் அதைத் தொட்டித் தண்ணிக்குத்தான் யூஸ் பண்றாங்க. ஒரு தடவை கேன் தண்ணிக்கும் பண்ணுங்க. மஞ்சளாவே இருந்தா தப்பிச்சீங்க. பச்சை தட்டினா அந்த கேனைத் தொடாதீங்க. கிட் ரெண்டு வகைத் தண்ணிக்கும் ஒத்து வருமானு பெட்டியில படிச்சுட்டு, நல்ல தண்ணி சார்ட்டைப் பார்த்து நிறத்தை ஒப்பிடுங்க.

அதே மாதிரி நைட்ரேட், பாஸ்பேட். ரெண்டுமே கேன் தண்ணியில பூஜ்யம் காட்டணும். தொட்டியில பாசி மண்டுது, ‘லைட்டைக் குறைச்சேன், சாப்பாட்டைக் குறைச்சேன், போகவே மாட்டேங்குது’னு புலம்பறவங்க, தினமும் கையால ஊத்தற தண்ணியை ஒரு தடவை இப்படி டெஸ்ட் பண்ணிட்டுப் புலம்பலாம். மணல்ல பழுப்பா மாவு மாதிரி படியுதா? சிலிக்கா மேல ஒரு சந்தேகம் வைங்க. சிலிக்கா தண்ணியில பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாமதான் இருக்கும். டி.டி.எஸ். மீட்டர் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது.

பி.எச். பத்தி மட்டும் கவலைப்பட வேணாம். ஆர்.ஓ. தண்ணியில பி.எச். பார்த்தா 6-ம்பாங்க, 7-ம்பாங்க, நிமிஷத்துக்கு ஒரு எண் வரும். அதைத் தாங்கிப் பிடிக்கிற உப்புகள் எதுவும் அதுல இல்லை, அதான் காரணம். நல்ல மரைன் சால்ட்டைக் கரைச்சு, ஏர் பம்ப் ஓடவிட்டு, மறுநாள் பாருங்க. 8.1, 8.3னு தானா வந்து உட்காரும்.

சிலர் பெட்ரோல் பங்க்ல விக்கிற பேட்டரி வாட்டரை வாங்கிடறாங்க. மீட்டர்ல பூஜ்யம் காட்டும்தான். ஆனா அது உயிரினங்களுக்காகத் தயாரிச்சது இல்லை. எந்த டிரம்ல நிரப்பினாங்க, அதுக்கு முன்னாடி அதுல என்ன இருந்துச்சுனு மீட்டர் சொல்லாது. தாமிரக் குழாய் வெச்ச கருவியில வடிச்ச டிஸ்டில்டு வாட்டருக்கும் இதே எச்சரிக்கை.

கேன் அண்ணன்கிட்ட மூணு கேள்வி

கோபமாக் கேட்காதீங்க, சி.ஐ.டி. மாதிரியும் கேட்காதீங்க. பிளான்ட் நடத்தறவங்கள்ல நிறைய பேர் சந்தோஷமாச் சொல்வாங்க.

‘அண்ணே, மெம்பரேன் மாத்தி எவ்வளவு நாளாச்சு?’

‘மினரல் ஏதாச்சும் கலக்கறீங்களாண்ணே? கலக்கறதுக்கு முன்னாடியே ஒரு கேன் பிடிச்சுத் தர முடியுமா?’

‘கேன் கழுவ எதைப் போடறீங்க?’

மூணாவது கேள்விக்கு பதில் எதுவா இருந்தாலும், தொட்டிக்குன்னு ரெண்டு கேனை நீங்களே சொந்தமா வெச்சுக்கறது பெஸ்ட். சோப்பு, ஃபினாயில் எதையும் பார்க்காத கேன். மார்க்கர்ல ‘மீன்’னு பெருசா எழுதிடுங்க. இல்லைன்னா ரூம்மேட் ஒரு நாள் அதுல துணி ஊற வைப்பான்.

மினரல் கலக்கறதுக்கு முன்னாடி பிடிச்ச தண்ணியும் 30, 40 காட்டுதா? மனசைத் தளர விடாதீங்க. டி.ஐ. ரெசின் கார்ட்ரிட்ஜ்னு ஒண்ணு இருக்கு. மெம்பரேன் விட்டு வைக்கிற அயனிகளை அது பிடிச்சுக்கும். கேன் தண்ணியை மெதுவா அதுக்குள்ள விட்டு எடுத்தா பூஜ்யம். ஏற்கெனவே 40-க்கு இறங்கின தண்ணிங்கிறதால ரெசின் ரொம்ப நாள் உழைக்கும். நேரா 1,200 போர் தண்ணியை விட்டா வாங்கின காசு சீக்கிரமே போயிடும். நிறம் மாறுற ரெசினா வாங்குங்க, எவ்வளவு தீர்ந்திருக்குனு வெளியில இருந்தே தெரியும். கடைசி சொட்டு வரைக்கும் உழைக்க விடாதீங்க. ரெசின் தீரும்போது முதல்ல நழுவி வர்றது சிலிக்கா மாதிரி ஆட்கள்தான். மீட்டர் அப்போவும் பூஜ்யம்தான் காட்டிக்கிட்டு இருக்கும்.

வீட்டுல ஆர்.ஓ. மெஷின் இருந்தா, சர்வீஸுக்கு வர்றவர்கிட்ட சொல்லி, டி.டி.எஸ். கன்ட்ரோலருக்கும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கும் முன்னாடியே ஒரு தனிக் குழாய் இழுத்துக்கலாம். அம்மா குடிக்கிற தண்ணி மாறாது, தொட்டித் தண்ணி மட்டும் தனியா வரும். ஒண்ணு ஞாபகம் வைங்க. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மெஷின் ரெண்டு, மூணு லிட்டர் கழிவுத் தண்ணியை வெளியே தள்ளும். ஏரியெல்லாம் வறண்டு, சென்னை தண்ணி லாரிக்குப் பின்னாடி ஓடின 2019-ம் வருஷத்தை மறக்க முடியாது. மீனுக்காகத் தள்ளுற அந்தத் தண்ணியை ஒரு பக்கெட்ல பிடிச்சு பாத்ரூம் கழுவவும் தரை துடைக்கவும் வெச்சுக்குங்க. அந்த பக்கெட் இல்லாம இந்தப் பொழுதுபோக்கை ஆரம்பிக்காதீங்க.

ஒரு பழைய நோட்டு போதும்

எல்லாத்தையும் விட முக்கியமான டெஸ்ட் கருவி, பாதி எழுதின ஒரு நோட்டுதான். தேதி, கேன், டி.டி.எஸ்., குளோரின். நாலு கட்டம். ஒவ்வொரு கேனுக்கும் ஒரு வரி. ‘போன மாசம் டெஸ்ட் பண்ணினேனே’ங்கிறது போன மாசத்துக் கேனுக்கு மட்டும்தான் செல்லும். மெம்பரேன் ஒரே நாள்ல சாகாது. 4, 5, 5, 7, 9, 14-னு மெதுவா ஏறும். ஒரு எண்ணைத் தனியாப் பார்த்தா ஒண்ணும் புரியாது. ஆறு எண்ணை வரிசையாப் பார்த்தா, கேன் அண்ணனுக்கே தெரியாத ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அந்தத் தண்ணியைக் குடிக்கிற தெருவுக்கே நல்லது.

சந்தேகம் பெருசா இருந்தா, குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல கட்டணம் கட்டி ஒரு சாம்பிள் கொடுக்கலாம். நைட்ரேட்டும் மத்ததும் எழுத்துல வந்துடும். அவங்க ‘குடிக்க உகந்தது’னு எழுதியிருக்கிறதைப் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க. பக்கத்துல இருக்கிற எண்களைப் படிங்க. அவங்க உங்களுக்காக எழுதினதை நீங்க மீனுக்காகப் படிக்கணும்.

எதுக்கு இவ்வளவு பாடு? கடல் தொட்டிகளுக்காக விக்கிற மீன்கள்ல பெரும்பாலான வகைகள் கடல்ல இருந்து பிடிச்சு வந்தவைதான். க்ளௌன் ஃபிஷ் கொஞ்சம் விதிவிலக்கு. அதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் பண்ற முறையை நம்ம பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கியிருக்காங்க. வாங்கும்போது ‘தொட்டியில பொரிச்சதா?’னு கேட்டு வாங்குங்க. நம்ம கடல்ல இருந்து எடுத்த பவளமும் கடற்குதிரையும் வேணவே வேணாம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஒழுங்கா வெச்சுக்கிட்டா ஒரு க்ளௌன் ஃபிஷ் பத்து வருஷத்துக்கு மேல வாழும். நீங்க காலேஜ் முடிச்சு, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணிக்கிற வரைக்கும் கூடவே வரக்கூடிய ஜீவன். நமக்கு ஒரு கேன் தண்ணி பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறிக்கலாம். அதுக்கு அந்த வசதி இல்லை. நாம ஊத்தறதுதான் அதுக்குக் கடல்.

அதனால இந்த வாரம் மீன் வாங்காதீங்க. மீட்டர் வாங்குங்க. ரூம் கேன், மெஸ் ஆர்.ஓ., வீட்டு மெஷின், லேப் டிஸ்டில்டு வாட்டர் நாலையும் அளந்து நோட்டுல முதல் நாலு வரியை எழுதுங்க. அதுல ஒண்ணாவது 5-க்குக் கீழே வந்து, சொட்டு டெஸ்ட்லயும் பாஸாச்சுன்னா, கொளத்தூருக்கு பஸ் ஏறலாம்!